சாம்பல் நிற அடுப்படி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்தேன். ஒரு தரம் உட்கார்ந்து நாலு வரி எழுதினேன். அடுப்படிக்கு என்ன கல் போட்டோம், சுவருக்கு என்ன நிறம் அடித்தோம் என்பதையெல்லாம் ஒருத்தி எழுதுவாளா என்று எனக்கே வெட்கமாகி, கிழித்துப் போட்டேன். இன்னொரு தரம் என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "குடும்ப விசயம், எதுக்கு?" என்றார். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் என் மதினி எனக்கு முன்வரிசையில்தான் உட்காருவார். எழுதிவிட்டு அந்த முதுகை எப்படிப் பார்ப்பது என்றும் தோன்றியது. இப்போது அந்த முதுகே எனக்குச் சரியாகத் தெரிவதில்லை. ஆகையால் எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். தடித்த பேனாவால், பெரிய பெரிய எழுத்தாக எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு செல்லூரில், ரெண்டு பக்கமும் பவர்லூம் ஓடுகிற சந்துக்குள் இருக்கிறது. வீட்டுக்காரர் மிஷன் பள்ளிக்கூடத்தில் லேப் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. எங்கள் அடுப்படி நீளமாக, ஒடுக்கமாக, ரயில் பெட்டி மாதிரி இருக்கும். ஒரே ஒரு சன்னல். அதைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் வந்து நிற்கும். மேடைக்குக் கறுப்புக் கடப்பாக்கல் போட்டிருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதன்முன் நின்றுதான் சமைத்தேன். அதன்முன் நின்றுதான் ஜெபமும் பண்ணினேன். முழங்கால் போட்டு ஜெபிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதற்கு நேரம் கிடைத்ததில்லை. உலை கொதிக்கிறவரைக்கும்தான் ஆண்டவரும் நானும்.

சர்க்கரை வந்து என் கண்ணுக்குள் இருக்கிற ரத்தக்குழாய்களைக் கெடுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் லேசர் வைத்தார்கள். "இருக்கிறதைக் காப்பாத்தப் பாப்போம்மா. போனதைக் கொண்டுவர முடியாது" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு நான் இப்படிச் சொல்வது வழக்கம்: நனைந்த வேட்டியைக் கண்ணுக்கு முன்னால் கொடியில் போட்டது மாதிரி. ஒரே நிறத்தில் ரெண்டு பொருள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், எனக்கு அவை ரெண்டும் ஒன்றுதான். வெள்ளைத் தட்டில் சோறு போட்டு வைத்தால், தட்டு காலி என்று நினைத்துக் கழுவப் போட்டுவிடுவேன். அதே சோற்றை வாழை இலையில் வைத்தால் பருக்கை பருக்கையாகத் தெரியும்.

கடப்பாக்கல் மேடையில் அரிசி, மாவு, தேங்காய்ச் சில், கொட்டின பால் எல்லாம் பளிச்சென்று தெரியும். கடுகு தெரியாது. புளி தெரியாது. கத்தியின் பிடி தெரியாது. ஒருநாள் சாயங்காலம் தோசைக்கல்லை இறக்கி மேடைமேல் வைத்துவிட்டு, மேடைதான் என்று நினைத்துக் கையை அதன்மேல் ஊன்றினேன். கறுப்புக் கல்மேல் கறுப்புக் கல். உள்ளங்கை வெந்துபோனது.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அந்தப் பேச்சு. "சமையலுக்கு ஆள் போட்டுருவோம். நீ உக்காரு." மகன் போனில் சொன்னான். வீட்டுக்காரர் சொன்னார். பக்கத்து வீட்டில்கூடச் சொன்னார்கள். உட்கார்ந்தால் நான் எழுந்திருக்க மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். எங்கள் அத்தை அப்படித்தான் உட்கார்ந்தார். அதன்பிறகு அவரைத் தூக்கித்தான் நகர்த்தினோம். எனக்கு வேண்டியதெல்லாம் என் கையால் பொங்கி என் வீட்டுக்காரருக்குப் போடுவது. அது போய்விட்டால் அந்த வீட்டில் நான் யார்?

ஆகையால் நானே யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கடப்பாக்கல்லில் விரிசல் விழுந்து எப்படியும் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றும்போது மேடையைப் பாதி கறுப்பாகவும் பாதி வெள்ளையாகவும் போட்டுவிடலாம். வெள்ளைச் சாமான்களுக்கு இடது பக்கம் கறுப்புக் கல். கடுகு, கீரை, மிளகாய், தோசைக்கல் எல்லாவற்றுக்கும் வலது பக்கம் வெள்ளைக் கல். பாத்திர அலமாரிக்குப் பின்னால் சுவரில் கெட்டியான பச்சை அடித்துவிட்டால் எவர்சில்வர் எல்லாம் தெரியும். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சரி" என்றார். அவர் சரி என்று சொன்னால், காதில் விழுந்தது என்று அர்த்தம். செய்வார் என்று அர்த்தமில்லை.

அந்த வாரமே மதினி வந்துவிட்டார். மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பள்ளிக்கூடத்திலிருந்துதான், எங்களையெல்லாம் இன்னும் மணி அடித்து வரிசையில்தான் நிறுத்துவார். புது ஏரியாவில் மாடி வீடு கட்டி, அடுப்படியை ஆஸ்பத்திரி மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார். அங்கே சமைப்பது வேலைக்கு வருகிற பெண். மதினிக்குப் பால் காய்ச்சக்கூட ஆள் வேண்டும். அடுப்படியைப் பற்றிப் பேசுவதற்கு மட்டும் அவருக்கு யார் துணையும் தேவைப்படாது.

"கறுப்பே ஆகாது," என்றார் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு. "அக்கினி மூலைல கறுப்புக் கல்லு கெடந்தா வீட்டுப் பொம்பளைக்கு நோவு வரும். ஒனக்கு வந்துச்சா இல்லையா?"

"அது எந்த அதிகாரத்துல இருக்கு மதினி?" என்றேன்.

"எல்லாத்துக்கும் வசனம் கேப்பியா? இது வாஸ்து இல்லத்தா. சயின்ஸு."

சபைப் பெண்கள் கூட்டத்தில், ராகுகாலம் பார்க்கிறவர்களுக்கு வரப்போகும் நியாயத்தீர்ப்பைப் பற்றி மூச்சு விடாமல் செய்தி கொடுத்தவர் இவர். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் இப்படித்தான். நிலைக்கு மேலே வசனம் மாட்டுவார்கள். நிலையை எந்தப் பக்கம் வைப்பது என்பதை வாஸ்துக்காரரிடம் கேட்பார்கள். அவரை வாஸ்துக்காரர் என்று சொல்லக் கூடாது, என்ஜினீயர் என்று சொல்ல வேண்டும். மதினி அடுத்த நாள் ஓர் என்ஜினீயரை அனுப்பி வைத்தார். அந்த என்ஜினீயர் நெற்றியில் பட்டை பட்டையாக விபூதி இட்டிருந்தார், கையில் திசைகாட்டி. சுவரில் இருந்த இயேசு படத்தையும் தென்மேற்குக்கு மாற்றச் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் நம்பினதை அவர் சொன்னார். நம்பாததைச் செய்துகொண்டு அதற்கு வேறு பெயர் வைத்தவர்கள் நாங்கள்தான்.

அப்புறம் மதினியும் வீட்டுக்காரரும் என்னை ஒரு ஷோரூமுக்குக் கூட்டிப் போனார்கள். குளிரூட்டின கண்ணாடி மாளிகை. வரிசையாக அடுப்படிகள். எதிலும் சமைத்த வாசனை இல்லை. ஒரு கரண்டி இல்லை, ஒரு கரித்துணி இல்லை. ஒவ்வொரு மேடைமேலும் ஒரு கிண்ணம், அதில் பிளாஸ்டிக் ஆப்பிள். மனுஷர் அடுப்படியில் ஆப்பிளை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று அந்தக் கடைக்காரர்கள் யோசித்ததில்லை போலிருக்கிறது.

நான் பைக்குள் கொஞ்சம் அரிசியும் கொஞ்சம் கடுகும் பொட்டலம் கட்டிக் கொண்டுபோயிருந்தேன். கல்லைப் பார்ப்பதற்கு எனக்கு அதுதான் கண்ணாடி. விற்பனைப் பையன், "மேம், இதான் இப்ப எல்லாரும் எடுக்கறது" என்று ஒரு சாம்பல் கல்லைக் காட்டினான். பொட்டலத்தைப் பிரித்து அதன்மேல் தூவினேன். கல்லிலேயே கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள். எது அரிசி, எது கடுகு, எது கல் என்று ஒன்றும் விளங்கவில்லை.

"இதுல அழுக்கே தெரியாது மேம்," என்றான் பெருமையாக. "இதோட ஸ்பெஷலே அதான்."

"அழுக்கு தெரியலைன்னா கடுகு எப்படிய்யா தெரியும்?" என்றேன்.

அவன் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தான். மதினி அவனைத் தன் பக்கம் திருப்பி, குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு, கடை முழுவதும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "அவளுக்குக் கண்ணு சரியில்ல தம்பி. கண்ணு தெரியாதவுகளுக்குக் கலர் எதுக்கு? நீங்க எங்ககிட்டப் பேசுங்க."

என் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் ஆப்பிளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆப்பிளுக்குத்தான் அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது போலும்.

நான் சொன்னேன்: "மதினி, கண்ணு நல்லா இருக்கறவுகளுக்குத்தான் கலர் எதுக்கு? நீங்க எந்தக் கலர் அடிச்சாலும் ஒங்களுக்குத் தெரியும்ல. எனக்குத்தான் கலர் வேணும்."

"பாத்தியா தம்பி," என்றார் தன் தம்பியிடம், "கண்ணுதான் மங்குது. வாய் எம்புட்டு வெளிச்சமா இருக்கு!"

அரிசியையும் கடுகையும் வழித்து மறுபடி பொட்டலம் கட்டினேன். கடுகு பாதி அந்தக் கல்லிலேயே கிடந்திருக்கும்.

கொஞ்ச நாள் கழித்து மகன் போன் செய்தான். "அம்மா, பெயிண்ட் வாசனை ஒங்களுக்கு ஒத்துக்காது. சித்தி வீட்டுல போயி இருங்க. வேலை முடிஞ்சதும் நானே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிக்கிறேன்" என்றான். என் தங்கச்சி திருவாதவூரில் இருக்கிறாள். போனேன். "என்ன கல்லுப்பா எடுத்தீங்க?" என்று தினமும் கேட்டேன். "சர்ப்ரைஸும்மா" என்றான் தினமும். அந்தச் சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ! ஒருத்தருக்கு என்ன வேண்டும் என்று கேட்காமல் இருப்பதற்கு இவ்வளவு அழகான பெயர் வேறு கிடையாது.

திரும்பி வந்தபோது மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். மகன் காரோடு நின்றிருந்தான். வீட்டுக்குள் நுழைந்ததும், "அம்மா, கண்ண மூடிக்கங்க! நான் சொன்னதும் தொறங்க!" என்றான். மதினி போனைப் பிடித்துக்கொண்டு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து அடுப்படி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். "ம், இப்பத் தொறங்க!"

மூடினேன், திறந்தேன். பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

சாம்பல். மேடை சாம்பல், டைல்ஸ் சாம்பல், சுவர் சாம்பல், அலமாரிக் கதவுகள் சாம்பல். கதவுகளுக்குக் கைப்பிடி கிடையாது. இருந்தாலாவது தடவிக் கண்டுபிடிக்கலாம். எங்கே மேடை முடிகிறது, எங்கே சுவர் ஆரம்பிக்கிறது, எங்கே தரை கீழே போகிறது, ஒன்றும் இல்லை. மார்கழி மாதம் விடியற்காலையில் கண்மாய்க்கரையில் நின்றது மாதிரி இருந்தது. எங்கள் அம்மா விறகு அடுப்பில் சமைத்தார். அந்த நிறத்தைச் சுவரிலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் தன் கைரேகையிலிருந்தும் தேய்த்துத் தேய்த்துக் கழுவியே அவர் ஆயுசு போனது. அதைப் படித்த பிள்ளைகள் ஆள் வைத்துப் பூசி, ட்ரெண்ட் என்கிறார்கள்.

"எப்படிம்மா இருக்கு?" என்றான் மகன். அவன் குரலில் அவ்வளவு ஆசை. பெற்றவளால் அந்த நேரத்தில் வேறு என்ன சொல்ல முடியும்? "நல்லா இருக்குப்பா" என்றேன். அந்த வீடியோவைக் குடும்ப வாட்ஸப்பில் போட்டார்கள். அதில் நான் மகனைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு ஃபிரிட்ஜைப் பார்த்துச் சிரிக்கிறேனாம். எல்லாரும் பூ போட்டார்கள், கைதட்டல் போட்டார்கள். ஃபிரிட்ஜைப் பார்த்து ஏன் சிரிக்கிறாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

மகன் மறுநாள் ஊருக்குப் போய்விட்டான். நான் அந்தப் பனிமூட்டத்துக்குள் சமைக்க ஆரம்பித்தேன். தம்ளரை மேடைமேல் வைப்பேன். அது மேடை முடிந்த இடமாக இருக்கும். கீழே விழுந்து உருளும். உப்புக்கு ரவை போட்டேன். கத்தியைத் தடவித் தேடி விரலை அறுத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் சத்தம் கேட்டு எட்டிப் பார்ப்பார். "பாத்துச் செய்" என்பார். பார்க்க முடிந்தால் எதற்கு விழுகிறது?

கடைசியில் தெருமுனை எலக்ட்ரிக் கடையில் மஞ்சள் டேப் வாங்கிவந்து மேடையின் விளிம்பு முழுக்க ஒட்டினேன். அடடா, ஒரு கோடு! அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் நிம்மதியாகச் சமைத்தேன். மதினி வந்தார். பார்த்தார். "ஏத்தா, இது அடுப்படியா, ஒர்க் ஷாப்பா?" என்று சொல்லிக்கொண்டே ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். முழுசாக உரிந்து வந்துவிட்டது. அவர் போனபின் மறுபடி ஒட்டினேன். மறுபடி வந்தார், மறுபடி உரித்தார். என் வீட்டுக்காரர் ரெண்டு தரமும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஸ்தோத்திர ஜெபம் வைக்க வேண்டும் என்று மதினி முடிவு பண்ணினார். புது அடுப்படிக்குப் போதகர் வந்து ஜெபித்து, அங்கே முதல் பாலைக் காய்ச்சி, சபைப் பெண்களுக்குச் சாப்பாடு. நான்தான் தினமும் அங்கே பால் காய்ச்சிக்கொண்டிருந்தேனே என்றேன். அது கணக்கில் வராதாம். மகனும் அதற்காக வந்தான். ஜெபத்தன்று காலையில் மேடையைத் தடவினேன். நான் மூன்றாம் தரம் ஒட்டி வைத்திருந்த டேப் இல்லை. "போட்டோ எடுப்பாங்கம்மா, சாயங்காலம் ஒட்டிக்கலாம்" என்றான் மகன்.

அடுப்படி வாசல் நிறையப் பெண்கள். "ஆண்டவர் எம்புட்டு ஆசீர்வதிச்சிருக்காரு பாருங்க!" "கல்லு வெளிநாடாம்ல?" "கைப்பிடியே தெரியலியே, எப்படித் தொறப்பாக?" மதினி முன்னால் நின்று கதவுகளைத் தள்ளித் தள்ளித் திறந்து காட்டினார். போதகர் வேதாகமத்தோடு நடுவில் நின்றார். அப்போது இருந்த போதகர் நல்லவர்தான். பசி பொறுக்க மாட்டார், அவ்வளவுதான்.

பால் பொங்கியது. ஏதோ ஒரு அம்மா, "நல்ல சகுனம்!" என்றார். அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஸ்தோத்திரம்" என்றார். "நீயே எறக்கி வையித்தா, வீட்டுக்காரி கையால" என்று மதினி சொன்னார். நான் எவர்சில்வர்ச் சட்டியைத் துணியால் பிடித்து இறக்கினேன். மேடை இருக்கிறது என்று நினைத்த இடத்தில் வைத்தேன்.

அங்கே மேடை இல்லை.

சட்டி கீழே போனது. பால் என் ரெண்டு பாதத்திலும் கொட்டியது. கொஞ்சம் தெறித்து மதினியின் பட்டுச்சேலைக் கரையிலும் பட்டது. நான் கத்தவில்லை, மூச்சு வரவில்லை. முதலில் கத்தினது மதினிதான்.

"கண்ணு தெரியலைன்னா சொல்ல வேண்டாமா? எம்புட்டுப் பேரு நிக்கிறாக!"

மகன் ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டு காதுக்குள், "அம்மா, எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்கம்மா" என்றான்.

"பாக்கட்டும்ப்பா," என்றேன். "இந்த அடுப்படியில பாக்க முடியாதவ நான் ஒருத்திதான்."

யாரோ சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினார்கள். போதகர், "சரி, அமைதியா இருப்போம். நாம ஜெபிப்போம்" என்று கண்ணை மூடினார். அப்போதுதான் நான் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை அப்படியே எழுதுகிறேன்.

"ஐயா, மன்னிச்சுக்கங்க. இந்த அடுப்படிக்கு ஜெபம் வேண்டாம். இது எனக்காகச் செஞ்சது இல்ல. போட்டோவுக்குச் செஞ்சது. இதை ஆசீர்வதிச்சுட்டீங்கன்னா அப்புறம் ஒடைக்க முடியாது. நான் ஒடைக்கப் போறேன்."

அவ்வளவுதான் சொன்னேன். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை.

போதகர் கண்ணைத் திறந்து, "சரிம்மா, ஹாலில் ஜெபிக்கலாம்" என்றார். ஹாலில் ஜெபித்தார். இந்தச் சகோதரியின் மனக்கண்களைத் திறந்தருளும் என்று ஜெபித்தார். என் மனக்கண்ணில் ஒரு குறையும் இல்லை. புறக்கண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாதத்தில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு ஆமென் சொன்னேன். பிறகு எல்லாரும் பிரியாணி சாப்பிட்டார்கள். நன்றாக இருந்ததாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கதை சபை முழுக்கப் போய்விட்டது. நான் கொதிக்கிற பாலைத் தூக்கி மதினிமேல் ஊற்றினேனாம். நாத்தனார் வீட்டு அடுப்படியைப் பார்த்து எனக்குப் பொறாமையாம். ஜெபம் வேண்டாம் என்று நான் கத்தினபோது என் குரலே மாறிப்போனதாம். அது என் குரல் இல்லையாம். ஒரு சகோதரி வீட்டுக்கே வந்து என் தலைமேல் கை வைத்துப் பிசாசைத் துரத்தினார். துரத்தி முடித்ததும் காப்பி கேட்டார். போட்டுக் கொடுத்தேன். அந்தச் சாம்பலுக்குள் சர்க்கரை டப்பாவைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல், உப்பு போட்டுக் கொடுத்தேனோ என்னவோ, பாதியில் வைத்துவிட்டார்.

என் வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாதத்துக்கு மருந்து போட்டுவிடுகிறவர் அவர்தான். ஒருநாள் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல், "எந்தப் பக்கம் கறுப்பு, எந்தப் பக்கம் வெள்ளைன்னு சொன்ன?" என்றார். இவ்வளவு காலம் பேசாமல் இருந்த மனுஷர்மேல் எனக்கு இருந்த இளக்காரம் அந்த ஒரு கேள்வியால் போய்விட்டது என்று எழுதினால் பொய். கொஞ்சம் குறைந்தது.

"இடது பக்கம் கறுப்பு," என்றேன்.

"அக்கா வந்தா?"

"வரட்டும். அவுகளும் ஒரு கல்லத் தூக்கட்டும்."

மேலூர் ரோட்டில் கல்லறுக்கிற பட்டறைக்குப் போனோம். பலகை பலகையாகக் கற்களை வெயிலில் சாய்த்து வைத்திருந்தார்கள். அங்கே ஆப்பிள் இல்லை, குளிர் இல்லை. வெயிலில் எனக்கு இன்னும் நன்றாகத் தெரிந்தது. அரிசியைக் கறுப்புக் கல்லிலும் கடுகை வெள்ளைக் கல்லிலும் தூவிப் பார்த்தேன். அங்கேயும் சிரித்தார்கள். யாரோ, "கல்லுக்குத் தாளிச்சுக் கொட்டப் போறியாம்மா?" என்று கேட்டார்கள். சிரிக்கட்டும். கடுகு தனித்தனியாக உட்கார்ந்திருந்தது, எறும்பு வரிசை மாதிரி. என் கண்ணில் தண்ணீர் வந்தது. வெயிலால்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

பட்டறைக்காரர் தலையைச் சொறிந்தார். "ரெண்டு கல்லா? ஒட்டுற எடத்துல கோடு தெரியுமேம்மா. அசிங்கமா இருக்குமே."

"தெரியணும்ண்ணே," என்றேன். "அந்தக் கோட்டுக்காகத்தான் வந்திருக்கேன்."

விளிம்புக்கும் மாற்றி ஒட்டச் சொன்னேன்: கறுப்பு மேடைக்கு வெள்ளை விளிம்பு, வெள்ளை மேடைக்குக் கறுப்பு விளிம்பு. இனி யாரும் அதை உரிக்க முடியாது. பெயிண்ட் கடையில், "லைட் கலர் அடிச்சா ரூம் பெருசாத் தெரியும்மா" என்றார்கள். ரூம் பெருசாகத் தெரிய வேண்டாம், தம்ளர் தெரிந்தால் போதும் என்றேன். கையோடு கொண்டுபோன எவர்சில்வர்த் தம்ளரை ஒவ்வொரு நிற அட்டைக்கு முன்னாலும் பிடித்துப் பார்த்தேன். கெட்டியான பச்சை ஒன்றின்முன் தம்ளர் முழுசாக எழுந்து நின்றது. அதை எடுத்தேன். மற்றச் சுவருக்கு மஞ்சள். கதவுகளுக்குக் கறுப்புக் கைப்பிடி, நல்ல தடியாக. சாம்பல் கல்லை உடைத்து எடுக்கும்போது ஒரு பெரிய துண்டு உடையாமல் வந்தது. மதினி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வாஷிங் மெஷின் வைக்கிற இடத்தில் போட்டிருக்கிறாராம். பாருங்கள், என் வீட்டுக்கு வெளிநாட்டுக் கல், அவர் வீட்டில் துணி துவைக்கிற கல்.

மதினி என் புது அடுப்படியை வரிக்குதிரை என்கிறார். மகன் முதலில் முகத்தைத் தூக்கினான். இப்போது வந்தால் சுவரைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறான். தட்டைக் காலியாக வைப்பதால் அதற்குமேல் நான் கேட்பதில்லை. சமையலுக்கு யாரும் ஆள் போடவில்லை. இடது கண் முழுவதும் போய்விட்டது. வலது கண்ணில் கறுப்பும் வெள்ளையும் இன்னும் தனித்தனியாக இருக்கின்றன. அது எத்தனை நாளைக்கு என்பது ஆண்டவருக்குத் தெரியும். அதுவரைக்கும் நான் அங்கே நின்றுதான் பொங்குவேன். ஜெபத்துக்கு யாரையும் கூப்பிடவில்லை. உலை கொதிக்கிறபோது நானே பண்ணிக்கொள்கிறேன்.

மற்றவர்களை இப்படி ஏளனமாக எழுதுவது பாவம் என்று தெரியும். அதற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டேன். எழுதினதை மாற்றவில்லை, ஏனென்றால் நடந்தது அதுதான்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டில் கண் மங்கினவர்கள் இருக்கிற யாருக்காவது இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது நான் எழுதினது மாதிரியே சொல்லுங்கள். என்னைப் பொறுமைசாலியாக ஆக்க வேண்டாம். நான் பொறுமையாக இல்லை. மதினியை அரக்கியாக ஆக்க வேண்டாம். அவர் என் பிள்ளைக்கு ஏடு தொடங்கி எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். பால் என் காலில்தான் கொட்டியது, என் கை தவறித்தான் கொட்டியது. அதை யார்மேலும் ஊற்ற வேண்டாம். நான் ஜெபத்தை வேண்டாம் என்றேன், அதையும் மறைக்க வேண்டாம். ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல், இப்படியே அடுத்தவர் கையில் கொடுங்கள்.